பாறை இடுக்கில் வரும் வெள்ளம்

பாலைவனத்தில் வழிப்போக்கன் எதனால் உயிர் துறக்கிறான் என்று கேட்டால், தாகத்தால் என்றே நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். அவ்விடை தவறன்று. ஆயினும், பாலை நிலங்களில் ஒரு வகை இடம் உண்டு; அங்கே செல்பவன் நீர் கிடைக்காமற் போவதற்கு அஞ்சுவதைக் காட்டிலும், நீர் வந்துவிடுவதற்கே மிகுதியும் அஞ்ச வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி எலும்பு போல் உலர்ந்து கிடக்கும் அவ்விடங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மழை அரிதாய்ப் பெய்யும் நாட்டில், பெய்த மழையைப் பிடித்து வைக்க மரமில்லை, புல்லில்லை, ஆழ்ந்த மண்ணுமில்லை. விழுந்த நீரெல்லாம் ஒரே பாய்ச்சலாக ஓடுகிறது. அவ்வாறு ஓடும் நீர், மணலையும் கல்லையும் ஏந்திக் கொண்டு, ஒரே தடத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் பாறையை அறுக்குமானால், வீட்டு வாயில் அளவே அகலமும், பல பனை உயரமும் கொண்ட ஒரு பிளவு உண்டாகிறது. உள்ளே நின்று அண்ணாந்து நோக்கினால் வானம் ஒரு நாடா அளவே தெரியும். சில இடங்களில் இரு கைகளையும் நீட்டினால் இரு புறத்துச் சுவரையும் தொடலாம்.

இதற்குத் தமிழில் என்ன பெயர்? மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்டவனுக்கு இத்தகைய கேள்வி எழாமல் இராது. ஆங்கிலத்தார் நாணயம் போடும் துளையை உவமையாக்கிப் பெயரிட்டார்கள். மலைப் பிளவுக்கு நம் பழைய நூல்களில் விடர் என்ற சொல் உண்டு. கொடைக்கானல் மலையில் செங்குத்தான பள்ளத்தைக் கெவி என்பர். வெள்ளக்கெவி என்று ஒரு சிற்றூரே இருக்கிறது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவே பெரியாறு நுழைந்து செல்லும் இடத்துக்கு இடுக்கி என்று பெயர் வந்ததும் இடுக்கு என்னும் சொல்லாலேயே. நான் இடுக்கு என்றே சொல்லப் போகிறேன். யாருக்கும் விளக்கம் வேண்டாத சொல் அது.

டில்லியில் இருப்பவர்களுக்கு எட்டக் கூடிய இடுக்குகள் லடாக்கில் இருக்கின்றன. பாலை என்றதும் ராஜஸ்தானத்து மணலையே நினைக்கிறோம். லேயில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான் என்பதை எண்ணினால், அதுவும் பாலையே என்பது விளங்கும். ஆனால் குளிர்ந்த பாலை. அங்கே சிந்து நதிக்கும் ஜன்ஸ்கார் நதிக்கும் வந்து சேரும் ஓடைகள் மலையை அறுத்துக் குறுகிய வழிகளை உண்டாக்கியிருக்கின்றன. ஜிங்சனிலிருந்து ரும்பக் என்னும் ஊருக்குச் செல்லும் பாதை அத்தகைய ஒரு வழியில் ஓடையைக் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுச் செல்கிறது. லேக்கு மேற்கே ஸ்ரீநகர்ச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டரில் உள்ள லாமாயுரு மடத்திலிருந்து பிரிங்கிட்டி லா என்ற கணவாயின் மீது ஏறி, மறுபுறம் இறங்கினால், வளைந்து வளைந்து செல்லும் ஒரு வறண்ட இடுக்கின் வழியே ஷில்லா, வன்லா ஆகிய ஊர்களை அடையலாம். காலை வேளையில் சில மணி நேரத்து நடை அது. அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 5ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி லேயில் நிகழ்ந்ததை நேயர்களில் பலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். சிறிது நேரமே பெய்த மழையில், மலைச் சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் கலந்த வெள்ளம் இறங்கி, லே நகரிலும் சோக்லம்சரிலும் வீடுகளை அடித்துச் சென்றது. இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மருத்துவமனைக்குள்ளும் பேருந்து நிலையத்திலும் சேறு புகுந்தது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று லேயில் இருந்த விமானப்படையின் வானிலை நிலையத்தில் பதிவான மழையின் அளவு சுமார் 13 மில்லிமீட்டர் மட்டுமே. சென்னையில் அவ்வளவு பெய்தால் குடையை மடக்கிக் கொண்டு காய்கறி வாங்கப் போவோம். மழைமானி இருந்த இடத்தில் தூறல். சில கல் தொலைவில் மலை முகட்டில் பேய் மழை. மலை நாட்டில் மழையின் இயல்பு அத்தகையது. நம் தலைமேல் உள்ள வானத்தைப் பார்த்து நமக்கு வரப்போகும் நீரை அளவிட முடியாது.

இவ்வுண்மை நம் ஊர்க்காரர்களுக்குப் புதியதன்று. 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக் கொண்டிருக்கையில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. பெரும்பாலோர் ஓடித் தப்பினர். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மழை பெய்தது மேலே காட்டில். ஆனால் குற்றாலத்தில் ஓடுவதற்குப் படியும் வெளியும் இருந்தன. இடுக்கில் அவை இல்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நூறு மீட்டர் அகலமான ஓடைப் படுகையில் அரை மீட்டர் ஆழத்தில் நீர் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். முழங்காலுக்குச் சற்று உயர்ந்த நீர்தான். அதே நீர் இரண்டு மீட்டர் அகலமுள்ள இடுக்கில் அதே வேகத்தில் நுழைய வேண்டுமானால், அதன் ஆழம் இருபத்தைந்து மீட்டர் ஆக வேண்டும். உண்மையில் வேகம் கூடிவிடுவதால் அத்தனை ஆழம் வராது; ஆனால் வேகம் கூடுவது நமக்கு ஆறுதலாகும் செய்தியா என்ன? பாய்ந்து வரும் நீர் ஒரு சாண் உயரமிருந்தாலே வளர்ந்த ஆளை நிலை தடுமாறச் செய்யும். இரண்டு அடி ஆழம் இருந்தால் மோட்டார் வண்டிகளையே தூக்கிச் சென்றுவிடும். அதனோடு கல்லும் மரமும் சேறும் கலந்து வருகின்றன என்பதையும் கூட்டிக் கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் நவஹோ மக்களின் நிலத்தில் ஆன்ட்டிலோப் என்ற இடுக்கு இருக்கிறது. செம்மணற் பாறையில் பட்டுத் துணியை மடித்துத் தொங்கவிட்டது போன்ற சுவர்கள். சூரிய ஒளி அதனுள் விழும் படங்களை நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி அதன் கீழ்ப் பகுதிக்குள் இறங்கியிருந்தவர்களில் பதினொரு பேர் வெள்ளத்தில் மாண்டனர்; வழிகாட்டி ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். இடுக்கின் மேல் மழை பெய்ததென்று சொல்வதற்கில்லை. பல கல் தொலைவில், ஓடையின் மேற்புறத்தில் இடியும் மழையுமாக இருந்தது. அந்த நீர் வந்து சேர்வதற்கு எடுத்துக் கொண்ட நேரத்தில், கீழே இருந்தவர்கள் படம் எடுத்துக் கொண்டிருந்திருப்பார்கள். அதன் பின்னரே அங்கே உறுதியான இரும்பு ஏணிகளும், வானிலை எச்சரிக்கை கேட்கும் கருவிகளும் ஏற்பட்டன. இன்று வழிகாட்டியின்றி எவரும் உள்ளே செல்லக் கூடாது.

இதைவிட வியப்பானது ஜோர்டான் நாட்டிலுள்ள பெட்ராவின் கதை. நபதேயர் என்னும் பண்டைய வணிக மக்கள் பாறையைக் குடைந்து அமைத்த தலைநகரம் அது. நகருக்குள் செல்லும் வழியே ஓர் இடுக்கு. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், சில இடங்களில் மூன்று மீட்டர் அகலம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் அதன் ஆபத்தை அறிந்திருந்தார்கள். இடுக்கின் முகப்பில் அணை கட்டி, மலையைக் குடைந்து, வெள்ளத்தை வேறு வழியே திருப்பி விட்டார்கள். காலப்போக்கில் அணை சிதைந்தது. அதன் பயன் என்ன என்பதும் மறந்து போயிற்று. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த யாத்திரிகர்கள் இருபது பேருக்கு மேல் அந்த இடுக்கில் வெள்ளத்துக்கு இரையானார்கள். மறு ஆண்டே, நபதேயர் கட்டிய இடத்திலேயே அரசாங்கத்தார் அணையை மீண்டும் கட்டினர். 2018ஆம் ஆண்டு நவம்பரில் பெட்ராவில் பெருவெள்ளம் வந்தபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைத் தக்க நேரத்தில் வெளியேற்ற முடிந்தது. பழங்காலத்தார் ஓரிடத்தில் ஒரு சுவரைக் கட்டியிருந்தால், அதை இடிந்த சுவர் என்று ஒதுக்குமுன் சிறிது யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி லாமாயுருவுக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில், அலுவலக நண்பர்கள் இருவரும் நானுமாக விடுப்புப் பயணச் சலுகையில் லே சென்றோம். டில்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே ஏறத்தாழ 3,500 மீட்டர். இந்த உயரத்தை விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்து விடுகிறது. உடம்பு அவ்வளவு விரைவில் கடப்பதில்லை. முதல் இரண்டு நாட்கள் படுத்து, உட்கார்ந்து, நீர் அருந்திக் கழிக்க வேண்டும். எங்களில் இளையவருக்கு அது பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் லாமாயுரு சென்றோம். நான்காம் நாள் காலையில் நாங்கள் புறப்பட வேண்டியது ஆறு மணிக்கு, புறப்பட்டது ஒன்பதரைக்கு. காரணம் அற்பமானது, ஒருவருடைய செருப்பு, மற்றொருவருடைய காபி.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அவ்வூர்க் குடியானவர், அறுபது வயதிருக்கும். கணவாயின் உச்சியை அடைந்தபோது நேரம் பதினொன்றைத் தாண்டிவிட்டது. எங்கள் தலைமேல் வானம் கண்ணைக் கூசும் நீலமாக இருந்தது. கிழவர் எதையும் பேசாமல் தெற்கே தொலைவிலிருந்த ஒரு முகட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். அதன் பின்னால் ஒரு மேகம், அடிப்புறம் கறுத்து, நின்றது. "இன்று வேண்டாம். நாளைக் காலை போகலாம்" என்று இந்தியில் சொன்னார்.

இளைய நண்பர், "சார், அந்த மேகம் எங்கேயோ இருக்கிறது. கீழே இரண்டு மணி நேரம்தான் வழி. நாளை மறுநாள் நமக்கு விமானம்" என்றார். அவர் கூறியதில் பிழை ஏதுமில்லை. அவ்வளவு செலவு செய்து, அவ்வளவு தூரம் வந்து, வாயிலில் நின்று திரும்புவது எளிதன்று. எனக்கும் ஆசை இருந்தது. நான் கிழவரிடம், "அந்த மேகத்தின் நீர் இவ்வழியே வருமா?" என்று கேட்டேன். "வரலாம், வராமலும் இருக்கலாம். உள்ளே போனபின் என்னைக் கேட்காதீர்கள்" என்றார் அவர்.

திரும்பினோம். அன்று மாலை வரையில் ஒரு துளி மழை பெய்யவில்லை. இடுக்கில் வெள்ளம் வந்ததாகவும் தகவல் இல்லை. இளைய நண்பர் இரவு உணவின்போது என்னோடு பேசவில்லை. வெள்ளம் வந்திருந்தால் இக்கதை கேட்பதற்குச் சுவையாக இருந்திருக்கும். ஆனால் வராத நாட்களே மிகுதி. அவற்றின் காரணமாகத்தான் மக்கள் துணிந்து விடுகிறார்கள்.

மறுநாள் ஐந்து மணிக்குப் புறப்பட்டு அவ்வழியே இறங்கினோம். அப்போதுதான் கிழவர் கற்பித்தார். ஒரு வளைவில் நிறுத்தி மேலே காட்டினார். எங்கள் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில், பாறைப் பிளவில், உலர்ந்த முட்செடியும் ஒரு கம்பும் செருகிக் கிடந்தன. யாரும் கொண்டுபோய் வைத்தவையல்ல, வெள்ளம் வைத்தவை. அவற்றைப் பார்த்த பின் இளைய நண்பர் நடையை விரைவுபடுத்தினார். ஒவ்வொரு வளைவிலும், அவசரம் வந்தால் ஏறி நிற்கத் தக்க திட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக் கொண்டே நடக்க வேண்டும் என்றார் கிழவர். திட்டு இல்லாத பகுதியில் நின்று பேசவும் கூடாது, உணவருந்தவும் கூடாது. கூடாரம் அடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

வெள்ளம் வருமுன் சில அறிகுறிகள் தோன்றலாம். ஓடையில் சிறிது நீர் இருந்தால் அது தெளிவு குன்றிக் கலங்கும். சுள்ளியும் சருகும் மிதந்து வரும். காற்று இல்லாத இடத்தில் குளிர்ந்த காற்று முகத்தில் வீசும். தொலைவில் ரயில் வருவது போன்ற ஓசை கேட்கும். இவற்றுள் எது தென்பட்டாலும் மூட்டையைப் போட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். வந்த வழியே ஓடி வெள்ளத்தை முந்திவிடலாம் என்று நினைப்பது பெரும்பிழை. மூன்று நான்கு மீட்டர் ஏற முடிந்தாலும் அதுவே உயிரைக் காக்கக் கூடும். ஏறியபின் நீர் வடியும் வரை, சில மணி நேரமாயினும், இறங்கலாகாது. ஓர் அலைக்குப் பின் இன்னோர் அலை வருவதுண்டு. லடாக்கில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. அமெரிக்க இடுக்குகளைப் போல அங்கே பாறை வழுவழுப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதில்லை. பல இடங்களில் கைப்பிடித்தால் பெயர்ந்து வருகிறது. ஆகையால் இறங்க முடியாத இடத்தில் ஏறக் கூடாது என்ற பொது விதிக்கு வெள்ளம் ஒன்றே விலக்கு. பனிமலையில் தோன்றும் ஓடைகளிலோ, மழை இல்லாத நாளிலும் நண்பகலுக்குப் பின் வெயிலில் பனி உருகி நீர் ஏறும். காலையில் கணுக்கால் அளவு நனைத்துக் கடந்ததை மாலையில் கடக்க இயலாமற் போவதுண்டு.

வானிலை அறிக்கையை எங்கே பெறுவது? டில்லியில் லோதி சாலையில் பேருந்தில் செல்பவர்கள் மௌசம் பவனைக் கடந்தே செல்கிறார்கள். 1875இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் அது. அத்துறை லேயில் தனியாக ஒரு வானிலை மையத்தை 2020ஆம் ஆண்டின் இறுதியில் திறந்தது. புறப்படும் நாளின் அறிக்கையையும் முந்தின நாளின் அறிக்கையையும் பார்க்க வேண்டும். நாம் நடக்கும் இடத்துக்கு மட்டுமன்று, ஓடை தொடங்கும் இடத்துக்கும் பார்க்க வேண்டும். இடியுடன் மழை என்ற சொல் இருந்தால், எவ்வளவு என்று ஆராயாமல் அன்றைய பயணத்தை விட்டுவிட வேண்டும்.

மற்றொரு பேராபத்து, தனியே செல்வது. ஏரன் ரால்ஸ்டன் என்னும் இருபத்தேழு வயது இளைஞர் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி யூட்டா மாநிலத்தில் புளூஜான் என்ற இடுக்கில் தனியே இறங்கினார். பெயர்ந்த பெரும்பாறை ஒன்று அவருடைய வலக் கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக் கொண்டது. தாம் எங்கே செல்கிறோம் என்பதை அவர் ஒருவரிடமும் கூறவில்லை. ஆகவே தேடுவோருக்கு எங்கே தேடுவதென்று தெரிய வழியில்லை. ஐந்து நாட்களுக்கு மேல் அங்கேயே நின்று, முடிவில் சிறு கத்தியால் தம் கையைத் தாமே அறுத்துக் கொண்டு வெளியேறினார். இதைத் திரைப்படமாகவும் எடுத்தார்கள். 2010இல் வெளிவந்த அப்படத்துக்கு இசை அமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான். அவர் துணிவைப் பலரும் புகழ்கிறார்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் அத்துணிவுக்குத் தேவை நேர்ந்திராது என்பதை அவரே பின்னர் உணர்ந்தார்.

வெளிநாட்டு நூல்கள், செயற்கைக்கோள் வழியே அபாயச் செய்தி அனுப்பும் சிறு கருவியைக் கையில் எடுத்துச் செல்லுமாறு அறிவுரை கூறுகின்றன. நம் நாட்டில் அத்தகைய கருவியை அரசின் உரிமம் இன்றி வைத்திருப்பது குற்றம். அறியாமல் கொண்டு வந்த வெளிநாட்டவர் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசியோ இடுக்கினுள் பயன்படாது. எங்களுள் இருவருடைய முன்பண அட்டைகள் டில்லியில் வாங்கியவை. லேயில் இறங்கியதுமே அவை ஊமையாகி விட்டன. ஆகையால் நமக்கு எஞ்சியிருப்பது பழைய வழியே. எங்கே செல்கிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம், எந்நேரம் வரை தகவல் இல்லையென்றால் ஆளை அனுப்ப வேண்டும் என்று எழுதி, பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும்.

நாங்களும் அவ்வாறே, லாமாயுருவில் தங்கியிருந்த வீட்டு அம்மையாரிடம் எழுதிக் கொடுத்திருந்தோம். நண்பகலுக்குள் வன்லாவிலிருந்து தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லியிருந்தோம். பத்து மணிக்கே வன்லாவை அடைந்தும் விட்டோம். அங்கே குன்றின்மேல், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததென்று கூறப்படும் ஒரு கோயில் இருக்கிறது. பதினொரு முகம் கொண்ட அவலோகிதேசுவரரின் பெரிய உருவம் அதில் இருக்கிறது. சுவரெங்கும் சித்திரங்கள். அவற்றைப் பார்த்துக் கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. பின்பு மர நிழலில் அமர்ந்து, கொண்டு வந்த ரொட்டியை உண்டோம். எழுதிக் கொடுத்த காகிதத்தை மூவருமே மறந்துவிட்டோம்.

ஒரு மணியளவில் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் புழுதியைக் கிளப்பிக் கொண்டு வந்து எங்கள் முன் நின்றது. அதில் வந்தவர் அந்த அம்மையாரின் மகன். தோளில் ஒரு சுருள் கயிறும், ஒரு குடுவையில் தேநீரும் வைத்திருந்தார். எங்களை ஒருவர் இருவர் மூவர் என்று விரலால் எண்ணினார். பிறகு கிழவரையும் எண்ணிக் கொண்டார். "அம்மா கணவாய் வழியே என் சிற்றப்பாவை அனுப்பியிருக்கிறாள். அவர் இப்போது இடுக்கின் பாதி தூரத்தில் இருப்பார்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஊற்றத் தொடங்கினார். எங்கள் கிழவர் தேநீருக்காக நில்லாமல் எழுந்து, அவரை எதிர்கொண்டு அழைத்துவர வந்த வழியே மீண்டும் நடந்தார். இளைய நண்பர் தம் பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னே சென்றார்.